போர்முகம் காணாத படைக்கலம்: சுவீடன் நாட்டுப் பழந்துப்பாக்கிகள்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு கூறிய கருத்துப் புறநானூறு பயின்றார் அனைவரும் அறிந்ததே. மயிற்றோகை அலங்காரத்துடன் பளபளத்துக் காவலில் இருந்த தொண்டைமானின் வேல்களை அவர் புகழ்வார்போலப் பழித்தார். முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடந்த அதியமானின் வேல்களைப் பழிப்பார்போலப் புகழ்ந்தார். பயன்படாத படைக்கலம் பெருமைக்கு உரியதன்று என்பதே அக்காலத்து அளவுகோல்.

அந்த அளவுகோலைச் சற்றே கீழே வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கத் தூண்டும் படைக்கலம் ஒன்று வட ஐரோப்பாவில் உண்டு. சுவீடன் நாட்டின் பழைய படைத்துப்பாக்கியே அது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு, பல பத்தாண்டுகள் எண்ணெய் பூசிக் காக்கப்பட்டு, தன் நாடு தொடுத்த போர் எதிலும் வெடிக்காமலே ஓய்வு பெற்றது அது. இன்று உலகெங்கும் பழந்துப்பாக்கி சேர்ப்போரும் குறிசுடும் கழகத்தாரும் அதனை விரும்பித் தேடுகின்றனர். அந்த விருப்பத்தின் காரணத்தை ஆராய்ந்தால் இரு நாடுகளின் வரலாறே வெளிப்படும்.

இரும்பும் அருவியும்

சுவீடன் இரும்புவளம் மிக்க நாடு. பதினேழாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் பெரும் போர் வல்லரசுகளுள் ஒன்றாக விளங்கியது. படைக்குத் துப்பாக்கி செய்யும் பட்டறைகள் ஜோன்ஷோபிங் நகரில் 1620-ஆம் ஆண்டிலேயே தோன்றின. குழல் துளைக்கும் எந்திரங்களைச் சுழற்ற நீராற்றல் தேவைப்பட்டமையால், அருகிலிருந்த ஹஸ்க்வர்னா அருவியின் ஓரத்தில் 1689-ஆம் ஆண்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. பிற்காலத்தில் தையல் எந்திரமும் மோட்டார் சைக்கிளும் மரம் அறுக்கும் வாளெந்திரமும் செய்து உலகப் புகழ் பெற்ற ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்கில்ஸ்டூனா நகரில் மற்றோர் அரசுத் தொழிற்சாலை எழுந்தது. கார்ல் குஸ்தாவ் நகரத் துப்பாக்கித் தொழிற்சாலை என்பது அதன் பெயர்.

ஆயின், அத்தொழிற்சாலை எழுந்த காலத்திலேயே சுவீடனின் போர் வரலாறு முடிவை நெருங்கிவிட்டது. 1709-இல் பொல்தாவாவில் உருசியரிடம் தோற்றபோது அதன் வல்லரசு நிலை சரிந்தது. 1809-இல் பின்லாந்தும் கைவிட்டுப் போயிற்று. 1814-ஆம் ஆண்டு நார்வேயின்மீது சில வாரங்களே நடத்திய படையெடுப்பு, அவ்வாண்டு ஆகஸ்டு 14-இல் மோஸ் உடன்பாட்டுடன் முடிந்தது. அதுவே சுவீடன் நாடு தொடுத்த இறுதிப் போர். அதற்குப் பின் செய்யப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கியும், வருமோ வாராதோ என்றிருந்த ஒரு போரை எதிர்நோக்கிச் செய்யப்பட்டதேயாகும்.

ஒரு முடி, இரு நாடு

மோஸ் உடன்பாட்டின் விளைவாகச் சுவீடனும் நார்வேயும் ஒரே மன்னரின்கீழ் இணைந்தன. அவ்விணைப்பு விந்தையானது. மன்னர் ஒருவர், வெளிநாட்டு உறவும் ஒன்று. ஆனால் நாடாளுமன்றங்கள் இரண்டு, சட்டங்கள் இரு வகை, படைகளும் இரண்டு. ஒரு பகைவனை இரு படைகளும் சேர்ந்து எதிர்க்க நேர்ந்தால், ஒருவர் தோட்டா மற்றவர் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் அல்லவா? இக்கேள்விக்கு விடை தேடியதே அடுத்த அரை நூற்றாண்டின் துப்பாக்கி வரலாறு எனலாம்.

முதல் விடை 1867-ஆம் ஆண்டில் கிடைத்தது. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடிக்கும் பழைய முறைக்கு அப்போது எங்கும் முடிவு நெருங்கியிருந்தது. இரு நாட்டு அறிஞர் குழு ஆராய்ந்து, அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனத்தார் செய்த பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கியைத் தேர்ந்தது. உருண்டு மூடும் கனத்த இரும்புத் துண்டொன்று குழலின் பின்வாயை அடைக்கும். அதன் பின்னே சுத்தியல் வந்து விழும். எளிய அமைப்பு, பழுது குறைவு. எஸ்கில்ஸ்டூனா, ஹஸ்க்வர்னா ஆகிய சுவீடன் நகரங்களிலும் நார்வேயின் கோங்ஸ்பெர்க் நகரிலும் அதனைச் செய்யத் தொடங்கினர்.

அதன் குழல் விட்டம் 12.17 மில்லிமீட்டர். இவ்வெண் ஏன் இத்துணை வினோதமாக இருக்கிறது என்று கேட்பார் உளர். மில்லிமீட்டர் அளவை சுவீடனில் வழக்குக்கு வருமுன் வகுத்த அளவு அது. பழைய சுவீடன் அளவையில் ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பகுதிக்கு ‘கோடு’ என்று பெயர். அக்கோடு நான்கும் பத்தில் ஒன்றும் சேர்ந்ததே 12.17 மில்லிமீட்டர். ஒரு நாட்டின் மறைந்துபோன அளவை, ஒரு துப்பாக்கியின் துளைக்குள் இன்றும் தங்கியிருக்கிறது.

இதே காலத்தில் குடிமக்களிடையே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1860-ஆம் ஆண்டு தொடங்கி, ஊர்தோறும் குறிசுடும் தொண்டர் கழகங்கள் தோன்றின. எழுத்தாளர் ஆகஸ்ட் பிளான்ஷ், இதழாசிரியர் எஸ். ஏ. ஹெட்லுண்ட் போன்ற சீர்திருத்தவாதிகள் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். நால்வகைக் குலத்தாரின் பழைய பேரவையை நீக்கி, ஈரவை நாடாளுமன்றம் காண வேண்டும் என்னும் கிளர்ச்சி ஓங்கியிருந்த காலம் அது. நாட்டைக் காக்கும் கடமை குடிமகனுக்கு உண்டெனின், நாட்டை ஆளும் உரிமையும் அவனுக்கு வேண்டும் என்பது அன்னாரின் வாதம். சுவீடனில் துப்பாக்கி, படைவீரனின் கருவியாக மட்டுமன்றிக் குடிமகனின் பயிற்சிக் கருவியாகவும் ஆனது இவ்வாறே.

இரு துப்பாக்கி, ஒரு தோட்டா

1880-களில் வெடிமருந்துத் துறையில் பெரும் புரட்சி எழுந்தது. 1886-இல் பிரான்சு நாடு புகையிலா மருந்தை ஏற்றது. அடுத்த ஆண்டே சுவீடனைச் சேர்ந்த ஆல்பிரட் நோபல் தம்முடைய புகையிலா மருந்துக்கு உரிமை பெற்றார். கருமருந்து எழுப்பும் புகைத்திரை இல்லை, ஆற்றலோ மிகுதி. ஆகவே குழலின் துளை சிறுத்தது. குண்டின் விரைவு பெருகியது. சில ஆண்டுகளிலேயே, ஐரோப்பாவின் கொட்டில்களில் இருந்த துப்பாக்கிகள் பலவும் பழம்பொருள்களாயின.

சுவீடன், நார்வே நாடுகளின் கூட்டுக்குழு 1891 முதல் ஆராய்ந்து, 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 55 மில்லிமீட்டர் கூட்டு நீளமும் உடைய தோட்டாவை வகுத்தது. தோட்டாவில் உடன்பட்டவர்கள் துப்பாக்கியில் உடன்படவில்லை. நார்வே 1894-இல் தன் நாட்டார் இருவர் வகுத்த கிராக்-யோர்கன்சன் துப்பாக்கியை ஏற்றது. சுவீடனோ ஜெர்மானியராகிய மௌசரின் அமைப்பை ஏற்று, 1894-இல் குதிரைப்படைக்கு உரிய குறுந்துப்பாக்கியையும், 1896-இல் காலாட்படைக்கு உரிய நெடுந்துப்பாக்கியையும் முறையே எம் 94, எம் 96 என்னும் பெயர்களில் வழக்கிற்குக் கொண்டுவந்தது.

தொடக்கத்தில் சுமார் 12,000 குறுந்துப்பாக்கிகளையும், பின்னர் 40,000 நெடுந்துப்பாக்கிகளையும் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ப் நகரிலிருந்த மௌசர் தொழிற்சாலை செய்தளித்தது. எஸ்கில்ஸ்டூனாவில் 1898 முதல் 1925 வரை எம் 96 நான்கு இலட்சத்திற்கு மேல் உருவாயிற்று. அதன் குழல் 74 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுடையது. ஐந்து தோட்டாக்கள் கொள்வது. நிறை நான்கு கிலோகிராம் அளவினது. 1901-இல் சுவீடன் கட்டாயப் படைப்பயிற்சியைச் சட்டமாக்கியபோது, உடல்நலமுடைய இளைஞர் எல்லார் தோளிலும் ஏறியது இத்துப்பாக்கியே.

1905-ஆம் ஆண்டின் சோதனை

வெளிநாடுகளில் தன் வணிகத்தைக் கவனிக்கத் தனித் தூதரகப் பணி வேண்டும் என்று நார்வே நெடுநாள் கேட்டு வந்தது. அது கைகூடவில்லை. 1905-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் நார்வே நாடாளுமன்றம் இணைப்பு அற்றதென அறிவித்தது. ஆகஸ்டு 13-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் பிரிவினையை ஆதரித்தோர் 368,208 பேர். எதிர்த்தோர் 184 பேரே.

சுவீடனில் சினம் மூண்டது. எல்லைக்குப் படைகள் நகர்ந்தன. செப்டம்பர் 13-இல் நார்வேயும் தன் படையில் ஒரு பகுதியைத் திரட்டியது. எல்லையின் ஒருபுறம் மௌசர், மறுபுறம் கிராக். இரண்டின் வயிற்றிலும் இருந்த தோட்டா ஒன்றே. பொதுப்பகைவனை எதிர்க்க இரு நாட்டாரும் அமர்ந்து வகுத்த அந்தத் தோட்டா, இப்போது ஒருவரை ஒருவர் நோக்கியே நின்றது. வரலாற்றில் இதனினும் கசப்பான காட்சி அரிது.

ஆனால் கார்ல்ஸ்டாட் நகரில் இரு தரப்புப் பேராளர்களும் பேச்சைக் கைவிடவில்லை. இடையே முறிந்த பேச்சு மீண்டும் தொடங்கிச் செப்டம்பர் 23-இல் உடன்பாட்டில் முடிந்தது. எல்லைக் கோட்டைகள் சிலவற்றை நார்வே கைவிடவும், எல்லையோரம் படையற்ற பகுதியாக அமையவும் இசைந்தனர். அக்டோபர் 26-இல் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் நார்வேயின் முடியைத் துறந்தார். போர் மூளவில்லை. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இரு நாட்டாரும் எல்லைக் கோட்டின்மீதே அமைதிச் சின்னம் ஒன்றை எழுப்பினர். ஐரோப்பாவின் பிற நாடுகள் முதல் உலகப் போரில் குதித்த அதே மாதம் அது என்பது நினைக்கத்தக்கது.

எம் 96-இன் வாழ்க்கையில் மிகப் பெரிய நிகழ்ச்சி எதுவென்று கேட்டால், அது வெடித்த நாள் எதுவுமன்று. வெடிக்காமல் நின்ற அச்செப்டம்பர் நாட்களே என்று கூறிவிடலாம்.

பிறர் நாட்டில் கண்ட போர்

எனினும், இத்துப்பாக்கி போரையே அறியாதது என்று கூறினால் உண்மைக்குப் புறம்பாகும். 1939-ஆம் ஆண்டு நவம்பரில் சோவியத் படை பின்லாந்தினுள் நுழைந்தபோது, சுவீடன் அரசு போரில் இறங்கவில்லை. ஆனால் துப்பாக்கிகளைப் பல்லாயிரக்கணக்கில் பின்லாந்துக்கு அனுப்பியது. எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட சுவீடன் தொண்டர்களும் எம் 96 ஏந்திச் சென்று, 1940 பிப்ரவரி இறுதியில் சல்லா போர்முனையில் காவல் ஏற்றனர். பின்லாந்துப் படைக்கு உரிமையான துப்பாக்கிகளில் ‘எஸ் ஏ’ என்னும் இரண்டு எழுத்துகள் ஒரு கட்டத்தினுள் பொறிக்கப்பட்டன. அப்பொறிப்பு உள்ள துப்பாக்கியைக் கண்டால் சேர்ப்போர் சற்று நின்று பார்ப்பர். வேறொரு நாட்டின் பனிக்காட்டுக்குச் சென்று மீண்டதற்கு அது சான்றன்றோ?

பித்தளை வில்லையின் செய்தி

பழந்துப்பாக்கி சேர்ப்பது வெறும் இரும்பு குவிப்பதன்று. கல்வெட்டு ஆராய்வோர் கல்லைப் படிப்பதுபோல, சேர்ப்போர் துப்பாக்கியைப் படிக்கின்றனர். எம் 96-இல் படிப்பதற்கு நிறைய உண்டு.

குழல் பொருந்தும் வளையத்தின் மேல் முடிச்சின்னமும், தொழிற்சாலையின் பெயரும், செய்த ஆண்டும் இருக்கும். பக்கத்தில் அதனை ஆராய்ந்து ஏற்ற அதிகாரியின் பெயரெழுத்துகள் காணப்படும். சிறு உறுப்புகளிலும் தொடர் எண்ணின் இறுதி இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை ஒத்திருந்தால், அத்துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த உருவிலேயே இருக்கிறது என்று பொருள். மரப்பிடியின் அடித்தகட்டில் படைப்பிரிவின் எண் இருக்கும். மரம் வால்நட் ஆயின் முற்காலத்தது என்றும், பீச் மரமாயின் பெரும்பாலும் பிற்காலத்தது என்றும் கணிப்பர்.

எல்லாவற்றினும் சுவையானது மரப்பிடியின் வலப்பக்கத்தில் திருகாணியால் பொருத்திய பித்தளை வில்லை. அதன் முகம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். குழல் துளையின் துல்லிய விட்டம் எவ்வளவு, உட்புறம் எவ்வளவு தேய்ந்துள்ளது, 1941-இல் வந்த கூர்முனைக் குண்டு குறிக்கு மேல் எவ்வளவு உயர்ந்து படும் என்னும் மூன்று செய்திகளை அது கூறும். மருத்துவமனைக் கட்டிலில் தொங்கும் நோயாளியின் குறிப்பட்டை போன்றது அவ்வில்லை. இலட்சக்கணக்கான துப்பாக்கிகளைத் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றின் குறையையும் அதன் உடலிலேயே எழுதிவைத்த நாடு சுவீடன்.

காலத்திற்கேற்ற மாற்றங்களும் அதன் உடலிலேயே பதிந்தன. 1938-இல் நெடுங்குழல்கள் பலவற்றைக் குறுக்கி எம் 38 ஆக்கினர். 1941-இல் மிகத் துல்லியமாகச் சுடுபவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொலைநோக்கி பொருத்தினர். 1965-இல் தானியங்கித் துப்பாக்கி முதன்மைப் படைக்கலமாகும் வரையிலும், அதன் பின்னரும், ஊர்க்காவல் படையிலும் குறிசுடும் கழகங்களிலும் பழைய மௌசர் பணியாற்றியது.

எது பழம்பொருள்?

பழம்பொருள் என்பதற்குச் சட்டங்கள் வகுக்கும் எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடும். சுவீடன் சட்டத்தின்படி, 1890-க்கு முன் செய்யப்பட்டு, மருந்தும் குண்டும் ஒருங்கே அடைத்த வாயுக்கசிவற்ற தோட்டாவுக்கென அமையாத துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆகவே அங்கு மௌசர் எத்துணைப் பழையதாயினும் உரிமத்திற்கு உட்பட்டதே. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டமோ 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என்கிறது. அதன்படி 1898 என்று பொறித்த எம் 96 பழம்பொருள்; 1899 என்று பொறித்தது சாதாரணத் துப்பாக்கி. இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்தால் ஆண்டெண் ஒன்றைத் தவிர வேறுபாடு தென்படாது. சட்டத்திற்கு ஒரு கோடு வேண்டும். வரலாற்றுக்கு அத்தகைய கோடு இல்லை.

சேர்ப்போரை வருத்துவது வேறொரு செய்தி. படை கழித்துவிட்ட துப்பாக்கிகளை வேட்டையாடுவோர் மலிவாக வாங்கினர். எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட 6.5 மில்லிமீட்டர் தோட்டா மிகவும் ஏற்றது. ஆதலின் குழலை அறுத்தும், மரத்தைச் செதுக்கியும், பொறிப்புகளைத் தேய்த்தும் வேட்டைத் துப்பாக்கியாக்கினர். வாங்கியவரைக் குறைகூற இயலாது. அவருக்கு வேண்டியது உணவும் கருவியும். ஆயினும் அவ்வாறு செதுக்கப்பட்ட ஒவ்வொன்றிலும் ஒரு சான்று அழிந்தது. ஏட்டுச்சுவடியின் ஓரத்தை நறுக்கி அழகுபடுத்தியவர் எழுத்தையும் சேர்த்து நறுக்கிய கதையே இது.

சுடுவதா, காப்பதா?

பழந்துப்பாக்கியைச் சுடலாமா என்பது சேர்ப்போரிடையே தீராத வழக்கு. சுடச்சுடக் குழல் தேயும். சான்று குன்றும் என்பார் ஒரு சாரார். சுடாத துப்பாக்கி மீட்டாத யாழ் போன்றது. அதன் இயல்பை அறிய வேறு வழியில்லை என்பார் மறுசாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

சுடுவோர் மீறலாகாத எல்லைகள் சில உள. 1867-ஆம் ஆண்டு ரெமிங்டன் அமைப்பு கருமருந்துக்கென வகுக்கப்பட்டது. அதில் புகையிலா மருந்தை இடுவது உயிருக்கே கேடு. அதற்குரிய விளிம்புத் தோட்டா இப்போது கிடைப்பது அரிது. ஆதலின் சிலர் அடைப்புத் துண்டை மாற்றியமைத்துத் தாமே தோட்டா செய்துகொள்கின்றனர். மூலத்துண்டைத் தனியே காத்து வைப்பவரே நல்ல சேர்ப்பாளர். எம் 96-இன் தாழ் முன்பக்கத்தில் இரு பற்களால் பூட்டப்படுவது. 1898-இன் பிற்கால மௌசரில் உள்ள மூன்றாவது காப்புப் பல் இதில் இல்லை. எனவே மிகையழுத்தம் தரும் தோட்டாக்கள் இதற்கு ஆகா. பழைய தோட்டாக்களின் கேப்பு வெடித்தபின் உப்பு படியும். அதனை அன்றே வெந்நீரால் கழுவி எண்ணெயிடாவிடில் குழல் துருவேறும்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. எம் 96-இன் குறிக்காட்டி 300 மீட்டரில் தொடங்கி 2,000 மீட்டர் வரை செல்லும். 100 மீட்டரில் குறிபார்க்கும் இன்றைய கழகத்தார்க்குக் குண்டு எப்போதும் மேலேயே படும். துப்பாக்கியின் பிழையன்று அது. தொலைவில் வரும் பகைவனையே எண்ணிச் செய்தவர்கள், அருகில் நிற்கும் காகித இலக்கை எண்ணவில்லை.

ஸ்டாக்ஹோமில் 1912-இல் நடந்த ஒலிம்பிக் விழாவில் படைத்துப்பாக்கிக் குழுப்போட்டியில் அமெரிக்கா முதலிடமும், பிரிட்டன் இரண்டாமிடமும், சுவீடன் மூன்றாமிடமும் பெற்றன. 1963-இல் பழைய எம் 96-இன் உறுப்புகளைக் கொண்டே போட்டிக்குரிய புதுத் துப்பாக்கி ஒன்றை எஸ்கில்ஸ்டூனாவில் வகுத்தனர். போருக்கெனப் பிறந்தது விளையாட்டில் நெடுவாழ்வு பெற்றது.

ஸ்டாக்ஹோமின் படைக் காட்சியகத்திலும், எஸ்கில்ஸ்டூனா, ஹஸ்க்வர்னா நகரங்களின் தொழிற்சாலைக் காட்சியகங்களிலும் இவற்றின் மாதிரிகள் இன்றும் காக்கப்படுகின்றன. கண்ணாடிப் பேழைக்குள் முனை மழுங்காமல், மரம் சிதையாமல், எண்ணெய் பளபளக்க அவை நிற்கின்றன. ஔவையார் காணின் தொண்டைமானை நினைந்து நகைத்திருப்பார்.

ஆயினும் ஒன்றை எண்ணல் வேண்டும். அதியமானின் வேல் பட்டறைக்குச் சென்றதற்குக் காரணம் பகைவர் மார்பு. எம் 96-இன் குழல் தேயாமல் நிற்பதற்குக் காரணம், 1905-ஆம் ஆண்டு ஒரு சிறு நகரத்தில் பொறுமையிழக்காமல் பேசிய சிலர். அத்துப்பாக்கி ஏந்திய ஊரகத்து இளைஞர், பயிற்சி முடிந்து அதனைக் கொட்டிலில் வைத்துவிட்டுத் தம் வயலுக்கும் பட்டறைக்கும் மீண்டனர். பித்தளை வில்லையில் எழுதப்படாத நான்காவது செய்தி அதுவே. பழந்துப்பாக்கியைப் பேணுவோர் அதனையும் சேர்த்துப் படிப்பாராயின், அவர் காப்பது இரும்பை மட்டுமன்று.